நிக்கல் இருபுளோரைட்டு: ஒரு சின்னத் திருத்தம்
தம்பி, யாழ்ப்பாண உயர்தர மாணவர்களிடையே சுற்றும் இந்தக் குறிப்பு, நிக்கல் இருபுளோரைட்டும் கல்சியம் புளோரைட்டும் உலோகத்துக்குப் புளோரைட்டு 1:2 விகிதம் என்பதால் பளிங்குக் கட்டமைப்பும் ஒன்றே என்கிறது. விகிதம் சரி, கட்டமைப்புத்தான் வேறு. கல்சியத்தைச் சுற்றி 8 புளோரைட்டு அயன்கள். நிக்கலைச் சுற்றி 6 மட்டுமே, ஒவ்வொரு புளோரைட்டும் 3 நிக்கலோடு. இதுதான் ரூட்டைல் (தைத்தேனியம் ஈரொட்சைட்டுக் கனிமம்) போன்ற அமைப்பு.

கல்குலேட்டரை எடுங்கோ. நிக்கல் அயனின் ஆரை 69 பிக்கோமீற்றர், புளோரைட்டு 133, வகுத்தால் 0.52. எட்டுப் புளோரைட்டு சூழ இந்த விகிதம் 0.73 ஆவது வேண்டும். கல்சியத்துக்கு 112ஐ வகுத்தால் 0.84. இந்த ஆரை விதி சிலவேளை காலை வாரிவிடும், அதனால் பளிங்குத் தரவுத்தளத்திலும் ஒருக்கால் பாருங்கோ: கல்சியம் புளோரைட்டின் அலகுக்கூடு (பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டி) கனசதுரம், நிக்கலுடையதில் ஒரு பக்கம் குட்டை.