ஆஃப்லைனில் இருப்பவரை யார் காப்பது?

சாண்ட்பாக்ஸ் ஆன்லைன் விளையாட்டுகளில் எது சிறந்தது என்று பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருப்பார்கள். ஒருவர் மேப் எவ்வளவு பெரியது என்பார், இன்னொருவர் ஆயுதங்களைச் சொல்வார், மற்றொருவர் எத்தனை மாட் (ஆடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்) கிடைக்கிறது என்று பார்ப்பார். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். நீங்கள் லாக் அவுட் செய்து போன பிறகு, அங்கே கட்டி வைத்ததற்கு என்ன ஆகிறது?

இந்த வகை விளையாட்டில் தயாராகக் கதை எதுவும் இல்லை. வீடு, சந்தை, கூட்டணி, பகை எல்லாம் ஆடுபவர்களே உண்டாக்குவது. அந்த உலகம் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வேலையும் படிப்பும் குடும்பமும் உள்ள ஒருவர் அதில் இருப்பது இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. மீதி நேரமெல்லாம் அவர் இல்லாத நேரம். அப்படிப் பார்த்தால், இல்லாதவருக்கு என்ன விதி என்பதுதான் எல்லோருக்கும் பெரும்பாலான நேரம் பொருந்துகிற விதி. இருந்தும் சர்வர் நடத்துபவர்களின் விவாதமெல்லாம் களத்தில் நிற்பவர்களைப் பற்றியே சுற்றுகிறது: எந்தத் துப்பாக்கி வலுவானது, எந்தக் கிளான் (ஆடுபவர்களின் குழு) பெரியது என்று.

வீடு கட்டி, பிறரோடு சண்டையிட்டு உயிர்பிழைக்கும் ரஸ்ட் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இதில் இல்லாதவரின் நிலை மிகக் கடுமை. லாக் அவுட் செய்தாலும் உங்கள் உடல் மறையாது, விட்ட இடத்தில் தூங்கிக் கிடக்கும். ரெய்டு வருபவர், அதாவது வீட்டை உடைத்துக் கொள்ளையடிக்க வருபவர், முதலில் செலவுக் கணக்குப் போடுகிறார். ஷீட் மெட்டல் கதவுக்கு 2 ராக்கெட் அல்லது 4 சாட்செல் (வெடிமருந்துப் பை). கராஜ் கதவுக்கு 3 ராக்கெட் அல்லது 9 சாட்செல். கல் சுவருக்கு 4 ராக்கெட் அல்லது 10 சாட்செல். ஆகவே கதவு வழியாக வருவதுதான் அவருக்குப் பெரும்பாலும் மலிவு. பெட்டி இருக்கும் அறைக்கு வெளியிலிருந்து எத்தனை கதவு என்று எண்ணி, அந்தச் செலவு உள்ளே இருக்கும் பொருளின் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்த்துக் கட்டினால் பாதி ரெய்டுகள் திரும்பிப் போய்விடும்.

புதியவர்கள் தவறுவது வேறு இடத்தில். கல் சுவருக்கு வலுவான பக்கம், மெலிந்த பக்கம் என இரண்டு உண்டு. மெலிந்த பக்கம் வெளியே பார்த்தபடி வைத்துவிட்டால் வெடிமருந்தே வேண்டாம், பிக்காக்ஸால் கொத்தியே உள்ளே வந்துவிடலாம். இரண்டாவது, ஏர்லாக் (ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு) வைக்காமல் ஒற்றைக் கதவோடு விடுவது. கதவைத் திறக்கும் கணத்தில் வெளியே பதுங்கியிருப்பவர் உங்களைச் சுட்டுவிட்டு நேராக உள்ளே போவார். மூன்றாவது, வீட்டின் உரிமையையும் பராமரிப்பையும் தீர்மானிக்கும் டூல் கபோர்டு என்ற பெட்டியில் பராமரிப்புப் பொருள் போடாமல் விடுவது. கட்டடத்தில் முதல் சில பகுதிகளுக்கு 24 மணி நேரத்துக்குக் கட்டுமானச் செலவில் 10 சதவீதம்தான் கேட்கும். கட்டடம் பெருகப் பெருகக் கூடுதல் பகுதிகளுக்கு அந்த வீதம் ஏறி மூன்றில் ஒரு பங்கு வரை போகும். கபோர்டு காலியானால் எதிரியே தேவையில்லை, வீடு தானாகச் சிதைந்துவிடும். ஆசைக்கு மாளிகை கட்டிவிட்டு இரண்டு நாள் வராமல் போகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

ஆனாலும் ரஸ்ட்டில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை கட்டாய வைப், அதாவது கட்டியதையெல்லாம் அழித்துவிடுவது. எல்லா சர்வரும் வெறும் நிலத்திலிருந்து தொடங்கும். உங்கள் இழப்புக்கும், உங்களைக் கொள்ளையடித்தவரின் குவியலுக்கும் அதிகபட்ச ஆயுள் ஒரு மாதம். இதை முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள், தேதியும் எல்லோருக்கும் தெரியும். அது நேர்மை.

ஆஃப்லைன் ரெய்டைத் தடுக்கப் பல சமூக சர்வர்கள் பிளகின் (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்) போடுகின்றன. அவசரப்பட்டுப் போட்டால் அதுவே புதுத் தொல்லையாகும். லாக் அவுட் செய்த அந்த நிமிடமே பாதுகாப்பு தொடங்கும்படி வைத்தால், ரெய்டு ஆரம்பித்ததும் வீட்டுக்காரர்கள் அனைவரும் வெளியேறிவிடுவார்கள். சண்டையே நடக்காது. பாதுகாப்பு நூறு சதவீதம் என்றால், திருடிய பொருளையெல்லாம் எப்போதும் ஆஃப்லைனில் இருக்கும் ஒரு கணக்கின் வீட்டில் பூட்டி வைப்பார்கள். அதனால் கபோர்டில் பெயர் உள்ள கடைசி ஆள் வெளியேறி 15 அல்லது 20 நிமிடம் கழித்துத் தொடங்கட்டும். சேதத்தை முழுதாகத் தடுக்காமல் பாதிக்கு மேல் குறைத்தால் போதும், ரெய்டுச் செலவு இரட்டிப்புக்கும் மேலாகிவிடும். மூன்று நான்கு நாள் யாருமே வராவிட்டால் பாதுகாப்பு தானாக நீங்கட்டும். இந்த மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருந்தால்தான் அந்தப் பிளகினால் பயன்.

"பயம் இல்லாவிட்டால் விளையாட்டில் உயிர் ஏது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இழக்க முடியாத பொருளுக்கு மதிப்பும் இல்லைதான். ஆனால் எதிர்த்து நின்று இழப்பதும், தூக்கத்தில் இழப்பதும் ஒன்றாகிவிடாது. முதலாவதில் விளையாட்டு நடக்கிறது. இரண்டாவதில் ஒருவர் மட்டும் ஆடுகிறார், இன்னொருவருக்குக் காலையில் செய்தி மட்டும் வருகிறது.

பயத்தையும் வைத்துக்கொண்டு இல்லாதவரையும் காக்க முடியும் என்பதற்கு விண்வெளிக் கப்பல் விளையாட்டான ஈவ் ஆன்லைன் சாட்சி. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்டது. பொருளிழப்பில் இதைவிடக் கொடூரமான விளையாட்டைக் காண்பது அரிது. கப்பல் வெடித்தால் வெடித்ததுதான், திரும்பி வராது. ஆனால் விண்வெளி நிலையங்களை ஒரே அடியில் வீழ்த்த முடியாது. ஒரு கட்டம் வீழ்ந்ததும் நிலையம் பூட்டிக்கொள்ளும். அடுத்த கட்டத் தாக்குதல் நாளின் எந்த நேரத்தை ஒட்டி வர வேண்டும் என்பதை நிலையத்தின் சொந்தக்காரர்களே முன்கூட்டிக் குறித்து வைத்திருப்பார்கள். அதாவது அவர்கள் விழித்திருக்கும் நேரம். நிலையமே அழிந்தாலும், வார்ம்ஹோல் பகுதியும் எரிபொருளின்றிக் கைவிடப்பட்ட நிலையங்களும் தவிர மற்ற இடங்களில், உள்ளே வைத்திருந்த பொருட்கள் காப்பில் போய்விடும். எங்கே மீட்கிறோம் என்பதைப் பொறுத்து 15 சதவீதம் வரை கட்டணம் கட்டி மீட்கலாம். ஆறு மாதம் விலகியிருந்தவர் திரும்பி வர ஒரு காரணம் மிச்சமிருக்கிறது.

அதே விளையாட்டில் கவனக்குறைவுக்குத் தண்டனையும் உண்டு. 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் சுமார் 21 மணி நேரம் நடந்த போருக்குக் காரணம், ஒரு கூட்டணி மண்டல உரிமைக்கான கட்டணத்தைத் தவறவிட்டது. விளையாட்டின் மிகப் பெரிய கப்பல் வகையான டைட்டனில் 75 அழிந்தன. 7,500க்கும் மேற்பட்ட கதாபாத்திரங்கள் கலந்துகொண்டன. சர்வர் தாங்குவதற்காக விளையாட்டின் நேரமே இயல்பு வேகத்தில் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்த இழப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டணம் எப்போது என்று முன்பே தெரியும், கட்ட ஆட்களும் இருந்தார்கள்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததும் இல்லை. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் நகரக் காவலுக்கு வெளியே யாரும் யாரையும் எங்கும் கொல்லலாம் என்று இருந்தது. புதியவர்கள் நகர எல்லையைத் தாண்டவே தயங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் உலகத்தையே இரண்டாக்கினார்கள். ஃபெலுக்கா பழைய விதியோடு நின்றது, ட்ராம்மெலில் சம்மதம் இல்லாமல் தாக்க முடியாது. பெரும்பாலோர் ட்ராம்மெலுக்கு நகர்ந்தார்கள். அதோடு விளையாட்டின் காரம் போய்விட்டது என்று பழைய ஆட்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த இழப்பு உண்மைதான். ஆனால் அந்தக் காரம் யாருடைய செலவில் வந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துப் பேச வேண்டும்.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட்டில், ஆஃப்லைனில் இருப்பவருக்கு எந்தக் காப்பும் இல்லை. வெறும் சர்வரைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் எந்தப் பெட்டியையும் திறக்கலாம், எந்தச் சுவரையும் உடைக்கலாம். எல்லாம் நடத்துபவர் கையில். அதனால்தான் ஒரே விளையாட்டில் ஒரு சர்வர் ஊராகவும் இன்னொன்று குப்பைமேடாகவும் இருக்கிறது.

முதல் நாளே செய்ய வேண்டியவை சில. வைட்லிஸ்ட்டை (அனுமதி பெற்றவர்களின் பட்டியல்) ஆன் செய்யும்போது என்ஃபோர்ஸ்-வைட்லிஸ்ட்டையும் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அப்படியே இருப்பார். ஆன்லைன்-மோடை ஃபால்ஸ் ஆக்கவே வேண்டாம். ஆக்கினால் பெயரை மட்டுமே வைத்து ஆளை அடையாளம் காணும், உங்கள் அட்மினின் பெயரை வைத்துக்கொண்டு எவரும் நுழையலாம்.

அடுத்து, பதிவு. கோர்ப்ரொடெக்ட் போன்ற பிளகின் யார் எந்தக் கட்டையை உடைத்தார், எந்தப் பெட்டியில் எதை எடுத்தார் என்று குறித்து வைக்கும். ஆனால் நிறுவிய நாளிலிருந்துதான். முதல் கிரீஃபிங் (பிறர் கட்டியதை வேண்டுமென்றே நாசமாக்குவது) நடந்த பிறகு போட்டால் அந்த முதல் ஆளைப் பிடிக்க முடியாது. ரோல்பேக் செய்யும்போது, அதாவது நடந்ததைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது, பயனர் பெயர், நேரம், சுற்றளவு மூன்றையும் கொடுக்க வேண்டும். பெயரை விட்டுவிட்டால் அந்த வட்டாரத்தில் மற்றவர்கள் அந்த நேரத்தில் கட்டியதும் சேர்ந்து மறைந்துவிடும். முதலில் பிரிவியூ பாருங்கள். தவறிவிட்டால் ரிஸ்டோர் கட்டளை இருக்கிறது.

நிலத்தைக் காக்கக் கிரீஃப்ப்ரிவென்ஷன் பிளகின் போதும். புதியவர் முதல் பெட்டியை வைத்ததுமே அதைச் சுற்றி 9க்கு 9 இடம் அவர் பெயரில் பதிவாகும். ஆனால் அதன் இயல்பான அமைப்பை அப்படியே விட்டால், அந்தப் பெட்டியால் பதிவான நிலம், ஆள் 7 நாள் வராவிட்டால் காலாவதியாகிவிடும். பரீட்சைக்குப் போகிற மாணவர் பத்து நாள் கழித்து வந்தால் வீடு காப்பில் இருக்காது. கான்ஃபிக்கில் இதை 30 ஆக்குவது ஒரு வரி வேலை, பல அட்மின்கள் அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. விளையாடுபவர்கள் பக்கத் தவறு ஒன்றும் உண்டு. நண்பருக்குப் பெட்டியைத் திறக்க மட்டும் அனுமதி வேண்டுமென்றால் கன்டெய்னர்ட்ரஸ்ட் போதும். எல்லோரும் ட்ரஸ்ட் கொடுத்துவிடுகிறார்கள், அது சுவரை உடைக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடும். நட்பு முறிந்த மறுநாள் அதன் பலன் தெரியும்.

க்ரீப்பர் என்ற அரக்கன் வெடித்து வீடு போகிறதே என்று, உயிரினங்கள் கட்டைகளை மாற்ற அனுமதிக்கும் மாப் க்ரீஃபிங் விதியை ஆஃப் செய்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. அதை நிறுத்தினால் கிராமவாசிகள் பயிர் அறுப்பதும் நின்றுவிடும். அவர்களை நம்பிப் பண்ணை வைத்தவர்களின் உழைப்பு வீண். வெடிப்பை மட்டும் தடுக்கும் பிளகின் போடுவது நல்லது.

பேக்கப் எடுக்காத சர்வரில் சேராதீர்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை. எடுப்பதற்கும் வரிசை உண்டு: சேவ்-ஆஃப் (தானாகச் சேமிப்பதை நிறுத்துவது), சேவ்-ஆல் ஃப்ளஷ் (மிச்சத்தை வட்டில் எழுதி முடிப்பது), வேர்ல்டு ஃபோல்டர்களை நகலெடுப்பது, பிறகு சேவ்-ஆன். சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்தால் நிலத்தைப் பதிந்து வைக்கும் ரீஜன் கோப்புகள் பாதியில் சிக்கி, மீட்கும்போது நிலத்தில் சதுரச் சதுரமாக ஓட்டை விழும். கடைசியில் சேவ்-ஆன் கொடுக்க மறந்தால் அதற்குப் பிறகு நடப்பது எதுவும் தானாகச் சேமிக்கப்படாது, சர்வர் கிராஷ் ஆனால் அவ்வளவும் போய்விடும். நகல் அதே வட்டில் இருப்பதில் பயனில்லை. மாதம் ஒருமுறையாவது வேறு ஃபோல்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

இருந்தும் இல்லாதவர்கள் ஒரு தனிப் பிரச்சினை. ஏஎஃப்கே ஃபார்மில் (ஆள் கவனிக்காமலே பொருள் சேர்க்கும் பண்ணை) கதாபாத்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகிறவர்களைச் சொல்கிறேன். சர்வர் நொடிக்கு 20 டிக் (உலகத்தைப் புதுப்பிக்கும் சுற்று) ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லி விநாடி. பொருளை நகர்த்தும் ஹாப்பர்களும் அடைத்து வைத்த மிருகங்களும் நிறைந்த ஒரு ஃபார்ம் அதில் பெரும் பங்கைத் தின்றால், களத்தில் உண்மையாக ஆடுகிறவர் உடைத்த கட்டை மறுபடி முளைக்கும். இரவைத் தாண்டுவதும் சிக்கல், இயல்பில் எல்லோரும் படுத்தால்தான் விடியும். 1.17 பதிப்பு முதல் எத்தனை சதவீதம் பேர் படுக்க வேண்டும் என்பதை மாற்றலாம், 30 சரியாக இருக்கும். ஃபார்ம்களை ஒரேயடியாகத் தடை செய்வதை நான் ஏற்கவில்லை, அதுவும் ஒரு கைத்திறன். ஆடுபவரைச் சுற்றி உலகம் இயங்கும் எல்லையான சிமுலேஷன் தூரத்தை 10இலிருந்து 6 ஆக்கி, ஹாப்பர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கருவிகள் எல்லாம் இருந்தும் சமூகம் உடைவது தண்டனையில்தான். முதல் தவறுக்கே நிரந்தரத் தடை, அட்மினின் நண்பருக்கு எச்சரிக்கைகூட இல்லை என்றால் ஆட்கள் சத்தமில்லாமல் விலகுவார்கள். பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ராம், நீடித்து நிற்கும் குழுக்களில் தண்டனை படிப்படியாக ஏறுவதையும், கண்காணிப்பவர்கள் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்பவர்களாக இருப்பதையும் கண்டார். சர்வருக்கும் அது அப்படியே பொருந்தும். முதல் முறை ரோல்பேக்கும் எச்சரிக்கையும், இரண்டாவது முறை மூன்று நாள் தடை, பிறகு நிரந்தரம். ஒவ்வொன்றுக்கும் ஆதாரப் பதிவு டிஸ்கார்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். அட்மின்கள் கிரியேட்டிவ் மோடுக்கு (எல்லாப் பொருளும் இலவசமாகக் கிடைக்கும் நிலை) மாறினாலும் அதே இடத்தில் தெரியட்டும்.

எந்த விதியும் வேண்டாம் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2010 டிசம்பரிலிருந்து ரீசெட்டே செய்யாமல் ஓடும் 2பி2டி என்ற மைன்கிராஃப்ட் சர்வரில் தடையும் இல்லை, காவலும் இல்லை. அங்கே ஒரே பூட்டு தூரம். நெதர் என்ற பாதாள உலகில் ஒரு கட்டை தூரம் நடந்தால் மேலுலகில் எட்டுக் கட்டை தூரம், அப்படி லட்சக்கணக்கான கட்டைகள் போய் ரகசியமாகக் கட்டுகிறார்கள். அது எனக்கான இடமில்லை, ஆனால் உள்ளே நுழைபவரிடம் அது எதையும் மறைக்கவில்லை. விதி இருப்பதாகச் சொல்லிவிட்டு ஆள் பார்த்து அமல்படுத்தும் சர்வரைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, சர்வரை மூடும் நாள். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆன்லைன் விளையாட்டு 2011 டிசம்பரில் மூடப்பட்டபோது, ஆடியவர்கள் எழுப்பிய நகரங்களை எடுத்துச் செல்ல வழி இல்லை. மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துபவருக்கு அந்தச் சாக்கு கிடையாது, உலகம் முழுவதும் சில ஃபோல்டர்கள்தான். மூடுவதற்கு ஒரு மாதம் முன்பே அறிவியுங்கள். வேர்ல்டு ஃபோல்டரிலிருந்து பிளேயர்டேட்டாவை (ஆடுபவர்களின் தனிப்பட்ட பதிவுகள்) நீக்கிவிட்டு, மீதியைச் சுருக்கி டவுன்லோடு இணைப்பு கொடுங்கள். அந்த இணைப்பைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வையுங்கள், ஏனென்றால் அறிவிப்பு வந்த மாதத்தில் லாக் இன் செய்யாதவர்களும் அங்கே வீடு கட்டியிருப்பார்கள்.