கொல்லாமையை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள்

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை, வள்ளலாரின் சன்மார்க்க நெறியைப் பின்பற்றும் நம் சங்கம் கடலூரில் கூட்டம் நடத்திய அந்த மண்டபத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். முழுப் பேச்சையும் நேரில் கேட்டேன். "முன்னே பின்னே தெரியாமல் கோபப்படாதீங்க அக்கா" என்று எழுதுகிற தம்பிகளுக்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அழைத்து வந்த பேச்சாளர் பேசியது இதுதான். வள்ளலார் இன்றைக்கு இருந்திருந்தால் புலால் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருந்திருக்க மாட்டாராம். காலம் மாறிவிட்டதாம். அந்த ஒரு பாட்டை இனி மேடைகளில் பாடாமல் விட்டுவிடலாமாம். கூட்டம் கைதட்டியது. வெள்ளை உடுத்தி முன்வரிசையில் இருந்த நம் பெரியவர்களும் சேர்ந்து தட்டினார்கள். அவர் பேச்சைவிட எனக்கு வலித்தது அந்தக் கைதட்டல்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கடைப்பிடிக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள். அதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் உங்களால் முடியவில்லை என்பதற்காக வள்ளலாரை வளைக்காதீர்கள்.

எந்தப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும். உயிர்க்கொலையும் புலைப்புசிப்பும் உடையவர்கள் உறவினத்தார் அல்லர், புறஇனத்தார். அவர்களுக்குப் பசி தவிர்த்தல் மாத்திரம் செய் என்று வருகிற பாட்டு. கடுமையான பாட்டுதான். ஆனால் பேச்சாளர் பாதியை மட்டும் படித்தார். அவர்கள் சன்மார்க்கம் அடையும்வரைதான் இது என்பதும் அதே பாட்டில் இருக்கிறது. இது இறைவன் தனக்கு இட்ட ஆணை என்று பாடியிருக்கிறார் வள்ளலார். தன் சொந்த அபிப்பிராயமாக அவர் அதைச் சொல்லவே இல்லை. ஆணை என்று அவர் நம்பியதை, கடலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைதட்டி ரத்து செய்ய நாம் யார்?

"உனக்கென்ன, நீ பிறந்த வீடு அப்படி" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் வீடு எது என்று அவருக்குத் தெரியாது. நான் தேவனாம்பட்டினத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவர். அம்மா கூடையில் மீன் சுமந்து மஞ்சக்குப்பம் தெருக்களில் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். சங்கராவும் நெத்திலியும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட அடுப்பு எரிந்ததில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் படுத்துக் கிடந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய சில பெரியவர்கள் அண்டாவில் சாம்பார் சாதம் கொண்டு வந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் மீன் பிடிப்பவர்கள், மீன் விற்பவர்கள், மீன் தின்பவர்கள். ஒருவரையும் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் கரண்டி வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். பசி தவிர்த்தல் மாத்திரம் என்றால் என்ன என்று அப்புறம் பாட்டில் படித்தபோது, அதை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன் நான். இந்தப் பாட்டை வெறுப்புப் பேச்சு என்று சிலர் சொல்லும்போது எனக்கு ஏன் கொதிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சமயம் ஊரில் யாரும் மீன் வாங்கவில்லை. கடலில் போன பிணங்களைத் தின்ற மீன் என்று பயம். அம்மாவின் கூடை திண்ணையில் கவிழ்த்தே கிடந்தது. ஊரே மீனை விட்டிருந்தது. ஆனால் அதில் கருணை இருந்ததா? பயம் தெளிந்ததும் எல்லோரும் பழையபடி வாங்கினார்கள். ஊர் அபிப்பிராயம் என்பது இவ்வளவுதான். இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு இன்னொரு பக்கம். அதை நம்பி ஒரு கொள்கையை ஒப்படைப்பீர்களா?

நான் புலால் விட்டது கல்லூரி நாளில், ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஏழு திரை நீங்கி ஜோதி பார்த்துவிட்டு வந்த பிறகு. ஞானசபை வாசலில் எழுதியிருக்கிறதே, கொலை புலை தவிர்த்தோர் மட்டும் உள்ளே புக வேண்டும் என்று, அதைப் படித்துவிட்டு வெளியிலேயே நின்றுதான் பார்த்தேன். அன்றைக்கு யாராவது வந்து "பரவாயில்லை அம்மா, காலம் மாறிடுச்சு, உள்ளே வா" என்று சொல்லியிருந்தால் நான் மாறியிருக்கவே மாட்டேன்.

அம்மா என்னோடு சண்டை போடவில்லை. மீன் ஆய்ந்த கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்து, மறுபடியும் தேய்த்துவிட்டுத்தான் எனக்குச் சோறு போடுவாள். "நீ சொல்றது சரிதான்டி. ஆனா எனக்கு இந்தக் கூடைதான் சோறு" என்றாள் ஒரு நாள். எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரி, உண்மையை உண்மை என்று ஒப்புக்கொண்டு தன் நிலைமையையும் சொன்னாள். பட்டம் வாங்கிய பேச்சாளருக்கு அந்த நேர்மை வரவில்லை.

சரி, அடுத்த கேள்வி. "வள்ளலாரே மாறியவர்தானே?" ஆமாம், மாறினார். இது நியாயமான கேள்வி. 1865இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் வேதம் இருந்தது. 1872இல் அதை எடுத்துவிட்டு சுத்த சன்மார்க்கம் என்று வைத்தார். 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிப் பேசியபோது, தான் முன்பு சைவத்தில் வைத்திருந்த பற்றையே விட்டுவிட்டதாகச் சொன்னார். சாதி, சமயம், சடங்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உதறினார். ஆனால் கொல்லாமையை உதறினாரா? ஒரு இடத்திலாவது தளர்த்தினாரா? போகப் போக இறுக்கினார். எதை விட வேண்டும், எதை விடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் எதிர்ப்புக்குப் பயந்தவரும் இல்லை அவர். 1869இல் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் அவர்மீது தொடுத்த வழக்கு இதே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குத்தான் வந்தது. அதற்காகப் பாடுவதை நிறுத்திவிட்டாரா?

முட்டையில் உயிர் இல்லை என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. பால் குடிக்கிறாயே என்பவர்களோடும் இல்லை. விவாதம் பண்ணுவதற்காகவே கேட்கிற கேள்விகள் அவை.

ஆனால் "சங்கி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. மாட்டிறைச்சி வைத்திருந்தான் என்று மனிதனை அடித்துக் கொல்கிறவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அவன் செய்வதும் உயிர்க்கொலைதான். அதைச் சொல்லவும் இந்தக் கொள்கைதான் வேண்டியிருக்கிறது. சாதியை வேரோடு மறுத்த ஒருவரின் கொள்கையை, மீன்காரி மகள் கையில் எடுத்தால், அவளுக்கு மேல்சாதி ஆசை என்கிறீர்கள். இதை எழுதியவர்கள் வீட்டுத் தெருவில் என் அம்மா மீன் விற்றிருக்கிறாள். தண்ணீர் கேட்டால் தனிச் சொம்பில் கொடுத்த வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டிலேயே மீன் வேகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பின்கட்டில் தனி அடுப்பு வைத்து அவரே ஆக்கிக்கொள்கிறார். பையன் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் தடுப்பதில்லை. அவன் சாப்பிடுகிறான் என்பதற்காக அது சரியாகிவிடாது. அது சரியில்லை என்பதற்காக அவன் என் பிள்ளை இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நான் வாழவில்லையா? புறஇனத்தார் என்ற சொல் என் அம்மாவையும் என் பிள்ளையையும் தொடுகிற சொல். உங்களைவிட எனக்கு அதிகம் சுடும். இருந்தும் அந்தப் பாட்டை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே.

வள்ளலார் நினைவு நாளுக்கு இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி அரசு உத்தரவு போடுகிறது. அக்டோபர் 5ஐ தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தார்கள். சந்தோஷம். ஒருநாள் இன்னொரு உத்தரவு வந்து இவையெல்லாம் போனாலும், 1867 மே 23இல், பசித்தவர்களுக்குச் சோறு போடும் வடலூர் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு எதற்காக எரிகிறதோ, அந்தக் காரணம் போகாது. இளைஞர்கள் வர வேண்டும், கூட்டம் சேர வேண்டும், நன்கொடை வர வேண்டும் என்று பேச்சாளரைக் கூப்பிட்டீர்கள். கூட்டம் வந்தது. வந்த இளைஞர்களுக்கு நாம் என்ன கொடுத்து அனுப்பினோம்? அவர்கள் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததையே திருப்பிக் கொடுத்தோம். அதற்கு வடலூர் எதற்கு?

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சமாதானப்படுத்திய பெரியவர்களுக்கு நன்றி. வரும் தைப்பூசத்துக்கும் அதே பேச்சாளரைத்தான் அழைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அழைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விடியற்காலையிலேயே வந்து வழக்கம்போலக் காய் நறுக்குவேன், பந்தி பரிமாறுவேன். அவர் மேடை ஏறும் நேரத்தில் என்னைக் கூட்டத்தில் தேடாதீர்கள்.