மாமாவிடம் இன்ரீச் வாங்கி வரச் சொல்லாதே தம்பி

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தான். "அண்ணா, அமெரிக்காவுல இருந்து மாமா பொங்கலுக்கு வர்றார். கார்மின் இன்ரீச் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா? ஜவ்வாது மலையில பாதி இடத்துல டவரே இல்லன்னு நீங்கதானே எழுதினீங்க." இன்ரீச் என்பது செல்போன் டவர் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கைக்கருவி, சாட்டிலைட் மெசஞ்சர் என்பார்கள். வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். ஆனால் இதே கேள்வியை இந்த வருஷம் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. மலைக்குப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஜி.பி.எஸ். கருவி வேறு, சாட்டிலைட் மெசஞ்சர் வேறு. கடைக்காரர்களே இரண்டையும் குழப்புகிறார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்குக் காது மட்டும்தான் உண்டு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக் குறிப்பைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். யாருக்கும் எதையும் அனுப்பாது. மெசஞ்சருக்கு வாயும் உண்டு. மெசஞ்சர்களில் இன்ரீச், ஜோலியோ இரண்டும் இரிடியம் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன, ஸ்பாட் என்ற மெசஞ்சர் குளோபல்ஸ்டார் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியாக. இன்ரீச் மினி 2 வெறும் 100 கிராம். சட்டைப்பையில் கிடக்கும். டவரே இல்லாத இடத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் உதவிக்கு ஆள் கேட்கும், பதிலையும் வாங்கித் தரும். அருமையான கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வாய்தான் நம் நாட்டில் சிக்கல். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட்டோடு பேசும் கருவியை இங்கே வைத்திருப்பதே குற்றம். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலும் 1933ஆம் வருஷத்து வயர்லெஸ் தந்திச் சட்டத்திலும் தொடங்கிய கட்டுப்பாடு இது. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள், அதற்கப்புறம் பிடி இன்னும் இறுகியது. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை ஒருவரைப் பிடித்து வைத்தார்கள். அவர் பையில் இருந்தது ஒரு இன்ரீச் மினிதான். பிரிட்டன் அரசு தன் மக்களுக்குத் தரும் பயண அறிவுரையிலேயே இதைப் பற்றி எச்சரிக்கிறது. வெளிநாட்டுக்காரர் தெரியாமல் கொண்டுவந்து மாட்டினாலாவது அவருக்காகப் பேச ஒரு தூதரகம் இருக்கிறது. நம் மாமா மீனம்பாக்கத்தில் மாட்டினால் பொங்கல் எங்கே நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "சும்மா பையில வச்சிருக்கேன், ஆன் பண்ண மாட்டேன்" என்பதும் எடுபடாது.

ஐபோன் 14 வந்தபோது அதில் சாட்டிலைட் வழி அவசர உதவி இருக்கிறது என்று நம்பி வாங்கியவர்களும் உண்டு. அந்த வசதி திறந்துவிடப்பட்ட நாடுகளில் இந்தியா இல்லை. அதை நம்பி மலை ஏறாதீர்கள்.

சரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம். முறையாக அனுமதி வாங்கி, மலைக்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குத் தென்மேற்கே நாலு பேர் நடந்தோம். திரும்பும்போது ஈரப்பாறையில் நண்பர் ஒருவர் வழுக்கி விழுந்தார். கணுக்கால் பத்து நிமிஷத்தில் உருண்டையாக வீங்கிவிட்டது. மணி மூன்றே முக்கால். அந்த மாதத்தில் காட்டுக்குள் ஐந்தரைக்கெல்லாம் இருட்டு.

போனை எடுத்தேன், 9 சதவீதம் சார்ஜ். காலையிலிருந்து ஃப்ளைட் மோடில் போடாமல் விட்டிருக்கிறேன். இல்லாத டவரை நாள் முழுக்கத் தேடித் தேடியே பேட்டரி கரைந்திருக்கிறது. கையில் இருந்த கார்மினின் பழைய ஈட்ரெக்ஸ் ஜி.பி.எஸ். கருவியில் மட்டும் நாங்கள் நிற்கும் இடம் சுத்தமாகத் தெரிந்தது. அட்சரேகை 12 டிகிரி 35 நிமிடம், தீர்க்கரேகை 78 டிகிரி 52 நிமிடம். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும், ஊருக்குச் சொல்லத்தான் வழியில்லை.

வழிகாட்டி அண்ணன் பதறவே இல்லை. "மேல ஒரு பாறை இருக்குது சார், அங்க போனா ரெண்டு கோடு வரும்" என்றார். நானும் அவரும் இருபது நிமிஷம் ஏறினோம். ஆள் உயரத்துக்கு ஒரு மொட்டைப் பாறை. அதன் கிழக்கு ஓரத்தில் நின்றால்தான் சிக்னல், இரண்டடி நகர்ந்தால் போய்விடுகிறது. பாறையில் அந்த இடம் மட்டும் காலடி பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது. பிரசவ வலி, பாம்புக்கடி, எருமை விற்கிற பேச்சு, எல்லாவற்றுக்கும் அந்த ஊர்க்காரர்கள் ஏறி வந்து நிற்கிற இடம் அதுதானாம்.

வேலூரில் இருந்த நண்பரைப் பிடித்து எண்களைச் சொன்னேன். "பன்னிரண்டு, முப்பத்தஞ்சு. எழுபத்தெட்டு, அம்பத்திரண்டு." அவர் மேப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, திருப்பத்தூர் தாண்டி ஊத்தங்கரை போற பக்கம் காட்டுது?" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் டிகிரியும் நிமிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் 12.35, 78.52 என்று புள்ளி வைத்துத் தட்டியிருக்கிறார். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஆகவே 35 நிமிடம் என்பது புள்ளிக் கணக்கில் .58. அந்த ஒரு புள்ளியால் நாங்கள் நாற்பத்தைந்து கி.மீ. தள்ளிப் போய்விட்டோம். ஊர்ப்பக்கம் தெரிந்தவர் என்பதால் அவர் திருப்பிக் கேட்டார். தெரியாத ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் வண்டி நேராக அங்கே போயிருக்கும்.

கடைசியில் ஊர்க்காரர்கள் ஆறு பேர் கம்பளியும் மூங்கிலும் கொண்டுவந்து டோலி கட்டி ரோடுவரை தூக்கி வந்தார்கள். கூலி வாங்க மாட்டேன் என்றார்கள். நண்பர் இப்போது நன்றாக நடக்கிறார்.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வது, கருவி வாங்கியதும் முதல் வேலையாக அதன் செட்டிங்ஸில் இடக்குறிப்பைப் புள்ளி டிகிரிக்கு மாற்றுங்கள். கார்மின் கருவிகள் கடையிலிருந்து வரும்போது டிகிரி-நிமிடம் முறையில்தான் வரும். போன் மேப் காட்டுவது புள்ளி முறை. கூட வருகிற எல்லோருடைய போனும் கருவியும் ஒரே முறையில் இருக்கட்டும். புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் போதும், பத்துப் பதினொரு மீட்டருக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். வாயால் சொல்வதைவிட எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பேச முடியாத அளவுக்கு மெல்லிய சிக்னலிலும் அது பல சமயம் போய்விடும், எண்ணும் மாறாது.

இனி எதை வாங்குவது. ஜி.பி.எஸ். மட்டும் உள்ள கருவிக்கு இந்தச் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு நாள் நடைக்கு, ஏலகிரிக்கோ அமிர்திப் பக்கமோ போக, தனிக் கருவிக்குப் பணம் போடாதீர்கள். கையில் இருக்கிற போன் போதும். வீட்டிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொண்டு, ஃப்ளைட் மோடில் போட்டு, பவர் பேங்க் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட் மோடிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், பலருக்கு இது தெரிவதில்லை. அடிவாரத்தில் வானம் திறந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று போன் இடத்தைப் பிடித்த பிறகு காட்டுக்குள் போங்கள். டேட்டா இல்லாதபோது செயற்கைக்கோள் விவரத்தைப் போன் வானத்திலிருந்துதான் மெதுவாக வாங்க வேண்டும், மரத்தடியில் அது இன்னும் திணறும்.

ராத்திரி தங்குகிற பயணம் என்றால் தனிக் கருவி வாங்கலாம். என் ஓட்டு பென்சில் பேட்டரி போடுகிற சாதாரண ஈட்ரெக்ஸ் வகைக்குத்தான். அதில் 22எக்ஸ் மாடல் இரண்டு பென்சில் பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். தீர்ந்தால் மலைமேல் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும். ஈரக் கையிலும் பட்டன் அழுந்தும், மழையில் டச் ஸ்கிரீனோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 32எக்ஸ், அதில் திசைகாட்டி இருக்கிறது. திசைகாட்டி இல்லாத கருவியில் அம்புக்குறி நடந்தால்தான் சரியாகத் திரும்பும், நின்ற இடத்தில் சுற்றிப் பார்த்தால் தப்பாகக் காட்டும். அப்புறம், புறப்படும்போதே கருவியில் தடப் பதிவை ஓட விடுங்கள், நடக்கிற வழியை அது குறித்துக்கொண்டே வரும். வழி தவறினால் வந்த தடத்திலேயே திரும்புவதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

பழைய கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாடல் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில 'ஐ' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கார்மினின் ஜி.பி.எஸ்.மேப் 67 என்ற மாடலுக்கு வாய் கிடையாது. அதே எண்ணோடு 'ஐ' சேர்ந்த மாடலுக்குள் இன்ரீச் இருக்கிறது.

ஆனால் "வைத்துக்கொள்ளாதே" என்பதோடு அரசாங்கம் நிறுத்திக்கொண்டால் எப்படி? கடலுக்குப் போகிற மீனவர்களுக்கு இஸ்ரோ 2010லிருந்தே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியைக் கொடுத்து வருகிறது. படகிலிருந்து பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மையத்துக்குப் போய், கடலோரக் காவல்படைக்குத் தகவல் சேரும். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் "உன் செய்தி கிடைத்தது" என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வருகிறது. நம் நாட்டுச் செயற்கைக்கோள், நம் நாட்டுக் கட்டுப்பாடு. பாதுகாப்புக் கவலைக்கு அங்கே வழி கண்டுபிடித்தவர்களுக்கு மலைக்கு மட்டும் ஏன் முடியாது? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. அந்தப் பாதைகளில் வழிகாட்டியாக வருகிறவர்கள் கையில் அனுமதி பெற்ற கருவி ஒன்றைக் கொடுத்தால் என்ன?

அதற்கும் முன்னால் மலை ஊர்களுக்குக் கொடுக்க வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு ஊர்ப்பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சரியான ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் வந்து சேர முடியாமல் இறந்தது. குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு அந்தத் தாய் மலை ஏறி நடந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே முதலில் வேண்டியது ரோடு, கருவி அதற்கு ஈடாகாது. ஆனால் ரோடு வருகிறவரைக்கும், ஊருக்கு ஒன்று, அங்கன்வாடியிலோ ரேஷன் கடையிலோ, ஆபத்துக்குப் பேசுகிற கருவி இருக்கட்டும். வார இறுதியில் இரண்டு நாள் போய்வருகிற எனக்கு வேண்டியதைவிட, அந்தப் பாறைக்கு ராத்திரியில் டார்ச் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு இது ஆயிரம் மடங்கு வேண்டும்.

இப்போது போகும்போதெல்லாம் ஒரு தாளில் வழி, கூட வருகிறவர்கள் பெயர், திரும்பும் நேரம் எழுதி வீட்டில் ஒன்றும், அடிவாரத்தில் டீக்கடை அண்ணாச்சியிடம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகிறேன். ராத்திரி எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் "டவர் கிடைக்கிற பாறை எது" என்று கேட்டுக் கருவியில் குறித்தும் வைக்கிறேன். இதுவரை ஏழு பாறைகள் சேர்ந்திருக்கின்றன, எல்லாம் புள்ளி டிகிரியில். அனுமதி வாங்கி அந்தப் பக்கம் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்களுக்குத் தெரிந்த பாறை இருந்தால் எனக்கும் அனுப்புங்கள்.