அந்த மாத்திரையும் அந்தப் பொடியும் ஒன்றல்ல

ஞாயிற்றுக்கிழமை ஒரு மேடையில் ஒருவர் பேசியதை இங்கே பலரும் பார்த்துவிட்டீர்கள். எல்லாக் குழுக்களிலும் அந்த வீடியோதான் சுற்றுகிறது. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத கோளாறு என்று சொல்லி மாத்திரை போடுகிறவனும், மெத் என்கிற மெத்தபெட்டமைன் போதைப்பொடி அடிக்கிறவனும் ஒன்றுதானாம், ஒருவன் கையில் டாக்டர் சீட்டு இருக்கிறதாம், அவ்வளவுதானாம். கூட்டம் கைதட்டியது. நான் சொல்கிறேன், ஒன்றல்ல.

என் தம்பிக்கு இரண்டுமே தெரியும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பள்ளியில் அவன் வகுப்புக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். குடை, டிபன் டப்பா, ஒரு கால் செருப்பு என்று தினமும் எதையாவது தொலைத்துவிட்டு வருவான். கணக்கில் விடை சரியாக இருக்கும், வழிமுறை பாதியில் நிற்கும். அதற்கும் அடி. கல்லூரி இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்னால் அறைத்தோழன் மெத்தபெட்டமைன் கொடுத்திருக்கிறான். "முதல் தடவை தலைக்குள்ள இருந்த சத்தமெல்லாம் நின்னுச்சுக்கா" என்று பின்னால் சொன்னான். தூக்கம் போனது. வண்டியை விற்றான். கடைசியில், அடுத்த வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விடிய விடியச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான். இதுதான் பொடி.

மாத்திரையும் பொடியும் மூளையில் நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத்தானே தொடுகின்றன என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் மெத்தபெட்டமைனைப் புகைத்தால் சில நொடிகளில் மூளைக்கு ஏறி, நரம்பு செல்களுக்குள் இருக்கும் டோபமைனையே வெளியே கொட்ட வைக்கிறது. என் தம்பி இப்போது போடும் மாத்திரையான மெத்தில்பெனிடேட் அப்படிக் கொட்ட வைப்பதில்லை, வெளியே வந்த டோபமைன் உடனே திரும்ப இழுக்கப்படாமல் தடுக்கிறது. மெதுவாகக் கரையும் வகையைச் சொன்ன அளவில் விழுங்கினால், அது ஏறவே மணிக்கணக்காகும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதில்தான் போதையின் பெரும்பங்கு இருக்கிறது.

மாத்திரையையும் சிலர் போதைக்குப் பயன்படுத்துகிறார்களே என்றால், சரி, செய்கிறார்கள். அதனால்தான் அது ஷெட்யூல் எக்ஸ் என்ற கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். வீட்டில் மாத்திரை அட்டை என் பீரோவில் இருக்கிறது. தினமும் ஒன்றை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

டாக்டரும் எடுத்த எடுப்பில் எழுதித் தரவில்லை. மெத் அடித்தவனுக்குக் கவனம் சிதறத்தான் செய்யும், முதலில் நிறுத்தட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்கப் பழைய மதிப்பெண் அட்டைகளைக் கேட்டார். போதைக்குப் பயன்படாத வகை ஏடிஎச்டி மருந்தான அட்டோமோக்ஸெடின் கொடுத்துப் பார்த்து, அது ஒத்துக்கொள்ளாத பிறகுதான் இதற்கு வந்தார். மேடையில் பேசியவருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிய விஷயத்துக்கு அவருக்கு இத்தனை மாதம் ஆனது.

ஏடிஎச்டி மருந்துக் கம்பெனிக்காரர்கள் கிளப்பிவிட்ட புது நோய் என்றும் எழுதியிருக்கிறீர்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியது 1902ல். மெத்தில்பெனிடேட் முதலில் தயாரிக்கப்பட்டதே 1944ல்தான்.

மெத்தை ஒரு வருடம் போல நிறுத்தியவர்களின் மூளையில் டோபமைனைத் திரும்ப இழுக்கும் கடத்திகள் ஓரளவு மீண்டு வந்ததை அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு 2001ல் ஸ்கேன் எடுத்துக் காட்டியது. ஐந்தே பேர்தான், நினைவாற்றல் அந்த அளவுக்குத் தேறவும் இல்லை. ஆனாலும் அவன் மறுவாழ்வு மையத்தில் இருந்த நாட்களில் அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் மீது மட்டும் கோபமில்லை. அவனைச் சோம்பேறி என்று முதலில் சொன்னது நான்தான். பத்து வயதுப் பையனை, விருந்தாளிகள் முன்னால். அன்றைக்கு யாராவது இது நோய் என்று சொல்லியிருந்தால் அந்தப் பொடி அவனிடம் வந்திருக்காது என்று நினைக்காத நாளில்லை. இப்போது ஊரே கூடி அவனைப் போதைக்காரன் என்னும்போது என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மாத்திரையை நீட்டினேன். அவன் கையை நீட்டவில்லை. "எனக்கு வேணாங்கா, எல்லாம் ஒண்ணுதானாம்" என்றான். இன்றும் வாங்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அதற்குள் அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.