தாங்கல் கரைசலின் பிஎச் குளிரில் மாறாதா?

“தாங்கல் கரைசலுக்கு ஒருமுறை பிஎச் சரிசெய்துவிட்டால் போதும், எந்த வெப்பநிலையிலும் மாறாது” என்ற குறிப்பு மாணவர்களிடையே சுற்றுகிறது. இது தவறு.

தாங்கல் கரைசல் சமாளிப்பது, சிறிதளவு அமிலமோ காரமோ சேரும்போது வரும் மாற்றத்தைத்தான். வெப்பநிலை அப்படியல்ல, கரைசலின் பிஎச் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) மதிப்பையே நகர்த்திவிடும். ஆய்வகத் தாங்கல் கரைசல்களில் பயன்படும் ட்ரிஸ் என்ற சேர்மம் இதில் ரொம்பவே மோசம்: ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் பிஎச் சுமார் 0.03 கூடும். 25 டிகிரியில் 8.0 என்று வைத்தது, 4 டிகிரி குளிரறையில் 8.6-ஐ நெருங்கிவிடும். நொதியோடு வேலை செய்பவர்களுக்கு இது சின்ன வித்தியாசமே இல்லை. பாஸ்பேட் தாங்கல் கரைசலில் நகர்வு ஏறத்தாழ இதில் பத்தில் ஒரு பங்குதான்.

ட்ரிஸ் கரைசலை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ, அதே வெப்பநிலையில் பிஎச் பாருங்கள். பிஎச் சரிசெய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் கரைசல் சூடாகும். அது ஆறிய அப்புறம்தான் கடைசி அளவீடு.