பார்க்கப் போனீர்களா, படம் பிடிக்கப் போனீர்களா?

நம்ம தம்பி ஒருவர் காசியில் பிணம் எரிவதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறாரே, அந்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். லிங்க் போடமாட்டேன், தர்மபுரியில் அதைப் பார்க்காதவர் யார் இருக்கிறீர்கள்? ஆனால் அதற்குக் கீழே "செம தம்பி, சிலிர்த்துப்போச்சு" என்று எழுதியவர்களில் பாதிப்பேர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார்கள்.

பிணம் எரிவதைப் பார்ப்பதில் தப்பே இல்லை. படம் பிடித்ததுதான் தப்பு.

நானும் போயிருக்கிறேன். காசியில் படித்துறையைக் 'காட்' என்பார்கள். அனுமன் காட் பக்கம் தங்கிவிட்டுப் படித்துறை வழியாகவே கேதார் காட் வரை நடந்தால், நடுவில் பிணம் எரிக்கும் அரிச்சந்திரா காட் வரும். கண்ணை மூடிக்கொண்டா நடப்பது? நின்றேன். ஜரிகைத் துணி சுற்றிய உடலைக் கங்கையில் நனைத்துப் படியில் கிடத்தியிருந்தார்கள், பக்கத்தில் விறகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. போனைக் கையில் எடுத்திருந்தால் சொல்லியிருப்பார்கள், பிணம் எரிக்கும் இன்னொரு படித்துறையான மணிகர்ணிகாவில் படகுக்காரரே கேமராவை இறக்கச் சொல்வார்.

நம்ம தம்பி என்ன செய்தார்? கபால கிரியையை ஜூம் போட்டு எடுத்திருக்கிறார். அப்போதுதான் மொட்டை போட்ட ஒரு பையன், மூங்கில் கழியால் பெற்றவரின் மண்டையைத் தட்டி உடைக்கிறான், ஒரு நொடி நேராகக் கேமராவைப் பார்க்கிறான். அந்தப் பார்வையைக்கூட வெட்டாமல், மேலே உடுக்கைச் சத்தம் சேர்த்து... நன்றாயிருங்கள்.

"அங்கே எல்லோரும்தான் எடுக்கிறார்கள்." எடுக்கட்டும். "வெள்ளைக்காரன் எடுத்தால் கேட்பீர்களா?" கேட்பேன், அது வேறு விஷயம். "காசியில் சாவு துக்கமில்லை, முக்தி." சரி, முக்திதான். செத்தவருக்கு. கொள்ளி வைத்தவனுக்கு?

எங்கள் அப்பாவைப் பென்னாகரம் ரோட்டில் எடுத்துப் போனோம். பறை, ஆட்டம், முன்னால் நான் தீச்சட்டியோடு. ஒகேனக்கல் போகிற வெளியூர் கார் ஒன்று ஓரம் கட்டியது, கண்ணாடி இறங்கியது, போன் நீண்டது. பின் சீட்டில் யாரோ சிப்ஸ் தின்றுகொண்டே எட்டிப் பார்த்தார்கள். இடுப்பில் ஈர வேட்டி, கையில் சட்டி, அதை வழியில் இறக்கி வைக்கவும் கூடாது, போய்ச் சட்டையைப் பிடிக்கவும் முடியாது. இன்றைக்கும் எங்கோ ஒரு போனில் எங்கள் அப்பா "கிராமத்துக் கலாச்சாரம்" என்ற பெயரில் கிடப்பார். இது தெரிந்துதான் பேசுகிறேன், "ஓவர் சென்சிடிவ்" என்று சொல்கிறவர்கள் உங்கள் வீட்டு எழவில் கேமராவைக் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று. வீடியோவில், காசியில் பிணம் எரிக்கும் டோம் மக்களை "அணையா நெருப்பின் காவலர்கள்" என்று உருகுகிறார். அழகு. நம்ம ஊர்ச் சுடுகாட்டில் வறட்டி அடுக்கி, விடிய விடிய நின்று எரிக்கிறாரே, அவரை நம் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்லியிருக்கிறோமா? எரித்து முடித்த பிறகு அவரிடம் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவது யார்? காசியில் இருந்தால் காவலர், இங்கே இருந்தால் "ஏய், இங்க வாடா". அதை எடுத்துப் போடட்டுமே ஒரு ரீல், நானே ஷேர் செய்கிறேன்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, போகட்டும்.

வீடியோவை எடுத்துவிடுங்கள் தம்பி என்று இன்பாக்ஸில் மரியாதையாகத்தான் கேட்டேன். ஒரு சிரிப்புப் பொம்மை பதிலாக வந்தது. அதற்கப்புறம்தான் இங்கே எழுதுகிறேன், "தனியா சொல்லியிருக்கலாமே அண்ணா" என்று யாரும் கமெண்டில் வரவேண்டாம்.