ஆவாரம்பூக் குடிநீரும் கிளினிக் குளிசையும்

வன்னியில் சிறுநீரக வருத்தம் என்றதும் பேச்சு கிணற்று நீருக்குப் போய்விடுகிறது. அனுராதபுரப் பக்கத்திலிருந்து வவுனியா வரை கண்டறியப்பட்ட, காரணம் தெளிவாகாத அந்த நோய் தந்த அச்சம் அத்தகையது. நெடுநாள் சலரோகம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைச் சிதைப்பது வேறு நோய். இதற்காகத்தான் நம் வீடுகளில் ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சாவும் அவிகின்றன.

மூலிகையில் ஒன்றுமில்லை என்பது என் கருத்தன்று. 1835இல் அப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்ற கசப்புப் பொருள், குளுக்கோசைச் சிறுநீருடன் வெளியேற்றுவது பின்னர் தெரியவந்தது. குடல் அதைச் சரிவர உறிஞ்சாததால், அமைப்பை மாற்றி டபாகிளிபுளோசின் போன்ற குளிசைகளை ஆக்கினார்கள். டபாகிளிபுளோசின் பற்றி 2020இல் வெளியான ஆய்வில், சலரோகம் உள்ளவரும் இல்லாதவருமாக 4304 சிறுநீரக நோயாளர் பங்கேற்றனர். சிறுநீரகச் செயற்பாடு பாதிக்கு மேல் குறைதல், முற்றாகச் செயலிழத்தல், சிறுநீரக அல்லது இதயக் காரணங்களால் இறத்தல் ஆகியவற்றின் கூட்டு அபாயம் அக்குளிசையால் 39 சதவீதம் குறைந்தது.

எல்லாத் தாவரப் பொருளுக்கும் இந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. கராம்பில் உள்ள ஒலியனோலிக் அமிலத்தின் வழிவந்த பார்டொக்சொலோன், சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவை உயர்த்திக் காட்டியது; ஆனால் இதயச் செயலிழப்பு கூடியதால், சலரோகச் சிறுநீரக நோயாளரிடம் நடந்த பெரிய ஆய்வு 2012இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. இரத்தப் பரிசோதனை எண் நன்றாக இருந்தும் ஆள் மோசமாகலாம் என்பதை, புட்டியில் அடைத்து விற்கும் 'சிறுநீரக சஞ்சீவி' வியாபாரிகள் அறிவார்களா? மஞ்சளின் குர்க்குமின் சலரோக எலிகளில் சிறுநீருடன் போகும் புரதத்தைக் குறைத்திருக்கிறது. மனிதக் குடலோ அதை மிகச் சிறிதளவே ஏற்கிறது. மஞ்சள் போட்ட பால் அந்த இடைவெளியை நிரப்பாது.

தீங்கும் உண்டு. ஆடுதின்னாப்பாளையின் அரிஸ்டொலோகிக் அமிலம் சிறுநீரகத்துக்கு நஞ்சு. காமரங்காவை மிகையாக உண்டு, அதிலுள்ள ஒட்சலேற்று என்ற உப்பு படிந்து சிறுநீரகம் பழுதானவர்கள் இலங்கையிலும் இருந்திருக்கிறார்கள்.

பரியாரியாரைப் பகைக்க வேண்டியதில்லை. கைதடிச் சித்த மருத்துவர்களும் சிறுநீரக நிபுணர்களும் சேர்ந்து, ஆவாரம்பூக் குடிநீரால் சிறுநீருடன் போகும் அல்புமின் என்ற புரதம் குறைகிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதுவரை குடிப்பவர் குடித்தாலும், சிறுநீரகத்தைக் காக்கக் கிளினிக்கில் தரும் லோசாட்டன் என்ற இரத்த அழுத்தக் குளிசையை நிறுத்தலாகாது. குடிப்பதைக் கிளினிக்கில் மறைக்கவும் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் லோசாட்டனே பொற்றாசியத்தைத் தேக்கும். அதன்மேல் பொற்றாசியம் மிகுந்த கீரைச்சாறும் சேர்ந்தால் இதயத் துடிப்பு குழம்பலாம். ஏச்சு விழும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். ஆகவே வைத்தியர்கள் ஏசாமல் கேட்க வேண்டும்.